சூரன் விழுந்ததோடு நாடகம் முடியவில்லை



கந்த சஷ்டி வருகிறது. ஆறு நாள் விரதத்தை எப்படி இருப்பது, எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக்கூடாது என்பதையெல்லாம் உங்கள் கோயில் குருக்களும் வீட்டுப் பெரியவர்களும் சொல்லித் தருவார்கள். நான் இன்றைக்கு அதைப் பற்றிப் பேச வரவில்லை. ஒரு தம்பி என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். அவனும் இதைப் படிப்பான் என்று தெரியும்.

எங்கள் தாமான் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு நடத்துகிறேன். வருஷா வருஷம் சஷ்டி முடிவில் பிள்ளைகளை வைத்து சூரசம்ஹார நாடகம் போடுவோம். சூரபத்மன் வேடத்துக்கு எங்களிடம் ஒரு தம்பி இருந்தான். மூன்றாம் படிவம். ஆள் உயரம், குரல் கனம். மீசையை வரைந்து அட்டைக் கிரீடத்தை வைத்துவிட்டால் முன் வரிசையில் இருக்கும் சின்னப் பிள்ளைகள் அம்மா மடிக்கு ஓடிவிடும். தொடர்ந்து மூன்று வருஷம் அவன்தான் சூரன். நாங்கள் யாரும் யோசித்ததுகூட இல்லை. நாடகம் என்றதும், "சூரன் இருக்கான்ல, மத்தவங்களைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம்.

போன வருஷம் நாடகம் முடிந்து சில வாரம் கழித்துப் பள்ளி விடுமுறையில் கோயில் மண்டபத்தில் ஒரு முகாம் வைத்தோம். இரண்டாம் நாள் இரவு பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கலகலப்பாக இருக்கட்டும் என்று திரை கட்டி ஒரு கார்ட்டூன் படம் போட்டோம். படத்தின் பெயர் 'மெகாமைண்ட்'. டிரீம்வொர்க்ஸ் நிறுவனம் 2010-இல் வெளியிட்டது, டாம் மெக்ராத் இயக்கியது. பழைய படம்தான். ஆனால் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நீலத் தோல், பெரிய மொட்டைத் தலை, பேச்சு மட்டும் வாய்க்கு அடங்காது. அவன்தான் வில்லன். அவன்தான் நமக்குக் கதையும் சொல்கிறான்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். படம் முடிந்து எல்லாரும் மைலோ குடிக்கப் போனபோது அந்தத் தம்பி மட்டும் பாயிலேயே உட்கார்ந்திருந்தான்.

"என்னடா, தூக்கமா?"

"இல்லண்ணே. ஒண்ணு கேக்கணும். என்னை ஏண்ணே எப்பவும் சூரனாவே போடுறீங்க?"

நான் சிரித்துக்கொண்டே, "உனக்கு அது நல்லா வருதுடா" என்றேன்.

அவன் திரையைப் பார்த்தான். "அவனும் அதைத்தான்ணே சொன்னான்."

என் கையில் இருந்த மைலோவை அங்கேயே வைத்துவிட்டேன்.

படம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அழிந்துபோகும் இரண்டு கிரகங்களிலிருந்து இரண்டு குழந்தைகள் இந்தப் பூமிக்கு அனுப்பப்படுகின்றன. ஒன்று பணக்கார மாளிகையில் போய் இறங்குகிறது. மற்றொன்று சிறைச்சாலைக்குள் விழுகிறது. மாளிகைப் பிள்ளை எல்லாரும் கைதட்டும் மெட்ரோ மேன் ஆகிறான். சிறையில் கைதிகள் கையில் வளர்ந்த நீலப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறான். அங்கே விளையாட்டுக்கு ஆள் பிரிக்கும்போது கடைசியாக நிற்பது அவன். நல்லது செய்யப் போனாலும் அது வெடித்துப் புகைந்து வம்பில் முடியும். வகுப்பில் அவனுக்கென்று ஒரு மூலை. அந்த மூலையில் உட்கார்ந்துதான் ஒரு முடிவுக்கு வருகிறான்: எனக்கு நன்றாக வருவது கெட்டவனாக இருப்பது மட்டும்தான், அதில் நானே முதல் ஆளாக இருந்துவிட்டுப் போகிறேன்.

தம்பி சொன்னது இந்த இடத்தைத்தான்.

தம்பிகளே, இந்த மூலை உங்களில் பலருக்குத் தெரிந்த மூலை. கடைசி வகுப்பு. பெயர் வாசிக்கும்போதே ஆசிரியர் முகம் மாறுவது. கடையில் ஏதாவது காணாமல் போனால் முதலில் உங்கள் பையைப் பார்ப்பது. "அவன் அண்ணன் எப்படியோ அப்படித்தான் இவனும்" என்று சொந்தக்காரர்களே சொல்வது. இப்படிப் பத்துப் பேர் பத்து வருஷம் சொன்னால் பதினோராவது ஆளாக நாமே நம்மைப் பற்றி அப்படிச் சொல்ல ஆரம்பித்துவிடுவோம். அப்புறம் அந்தப் பெயரே நமக்கு ஒரு கெத்தாகத் தெரியும். கடை வரிசைக்குப் பின்னால் நிற்கும் பெரிய பையன்கள் நம்மைத் தோளில் தட்டிக் கூப்பிடுவது அந்த நேரத்தில்தான். "நீ நல்லா வருவடா" என்று அவர்களும் சொல்வார்கள். வேறு யாரும் நம்மிடம் சொல்லாததை அவர்கள் சொல்வதால் அது இனிக்கும்.

நம் சமயம் இதற்கு என்ன சொல்கிறது?

சைவ சித்தாந்தம் எந்த உயிரையும் கெட்ட உயிர் என்று சொல்லவில்லை. உயிரை ஆணவம் என்ற மலம் மறைத்திருக்கிறது என்றுதான் சொல்கிறது. அதற்குப் பெரியவர்கள் தரும் உவமை, செம்பில் களிம்பு. தைப்பூசத்துக்கு முன்னால் கோயில் பாத்திரம் தேய்க்க வந்திருப்பீர்கள். செப்புக் குடம் பச்சை பிடித்துக் கறுத்துக் கிடக்கும். புளியை வைத்துத் தேய்க்கத் தேய்க்க உள்ளே இருந்த சிவப்பு வெளியே வரும். அந்தக் குடத்தைப் பார்த்து யாராவது, "இது செம்பு இல்லை, களிம்பு" என்று சொல்வோமா? ஆனால் பிள்ளைகளைப் பார்த்து மட்டும் சொல்கிறோம். அந்தப் பிள்ளைகளும் நம்பிவிடுகிறார்கள்.

சரி, அப்படியானால் எல்லாம் வளர்ந்த இடத்தின் குற்றம், ஊர்க்காரர்கள் குற்றம் என்று சொல்லிவிடலாமா? முடியாது. அந்தப் படமே அப்படி விடவில்லை. அதில் ஹால் என்று ஓர் ஆள் வருகிறான். தொலைக்காட்சி நிருபர் ரோக்ஸேனோடு வேலை செய்யும் கேமராக்காரன். மெட்ரோ மேன் போன பிறகு எதிர்த்துச் சண்டை போட ஆள் இல்லாமல் சலித்துப்போன மெகாமைண்ட், ஒரு புது நாயகனை உண்டாக்கப் பார்க்கிறான். மெட்ரோ மேனின் பலத்தையெல்லாம் ஒரு மருந்தாக்கி வைத்திருக்கிறான். அது தவறுதலாக ஹாலுக்குள் போய்விடுகிறது. பறக்கிறான், மலையைத் தூக்கும் பலம் வருகிறது, பயிற்சியும் கிடைக்கிறது. நல்லவனாவதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் தான் விரும்பிய பெண் தன்னை விரும்பவில்லை என்றதும் ஊரையே கொளுத்தத் துணிகிறான். சிறையில் வளர்ந்தவன் திருந்துகிறான். நாயகனுக்குரிய பலம் முழுவதும் கிடைத்தவன் கெட்டுப்போகிறான். ஆகவே இடமும் பலமும் மட்டும் ஒருவனை முடிவு செய்வதில்லை.

ஹாலின் நோய்க்குச் சித்தாந்தம் வைத்த பெயர்தான் ஆணவம். 'எனக்கு வேண்டும், அதனால் எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும்.' ஒரு பெண் 'வேண்டாம்' என்று சொன்னதைத் தாங்க முடியாத தம்பிகள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படியுங்கள்.

அதே படத்தில் எனக்குப் பிடித்த ஒரு காட்சி. மெகாமைண்ட் ஒரு கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு பெர்னார்ட் என்ற சாதாரண ஆளாக உருமாறி ரோக்ஸேனோடு சாப்பிடப் போகிறான். பேச்சோடு பேச்சாக, நான் மொட்டைத் தலையாக, நிறம் வேறாக இருந்தால் என்னோடு பழகுவாயா என்று கேட்கிறான். அவள், வெளித்தோற்றத்தை வைத்து ஒருவரை எடை போடக்கூடாது என்கிறாள். இவன் முகத்தில் வெளிச்சம். அவள் அடுத்ததாக, செய்யும் செயலை வைத்துத்தான் எடை போட வேண்டும் என்கிறாள். இவன் முகம் தொங்கிப்போகிறது! மண்டபமே சிரித்தது. ஆனால் இதைத்தானே நம் வள்ளுவரும் சொல்கிறார்: ஒருவர் பெரியவரா சிறியவரா என்று உரசிப் பார்க்கும் கல் அவரவர் செய்கைதான் என்று. 'என் தோலைப் பார்க்காதே, நான் வளர்ந்த இடத்தைப் பார்க்காதே' என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. 'நான் செய்ததையும் பார்க்காதே' என்று கேட்க முடியாது.

இப்போது நம் சூரனிடம் வருவோம்.

கச்சியப்ப சிவாச்சாரியார் பாடிய கந்தபுராணத்தில் சூரபத்மன் சாதாரண வில்லன் இல்லை. கடுந்தவம் செய்து, 1008 அண்டங்களை 108 யுகம் ஆளும் வரத்தைச் சிவபெருமானிடமே வாங்கியவன். தவம், அறிவு, வீரம் எதிலும் குறைவில்லை. அத்தனையையும் 'நான்' என்ற ஒன்றுக்குக் காவலாக நிறுத்திவிட்டான். அதுதான் பிழை.

போர் நடுவில் முருகப்பெருமான் தன் பெரிய வடிவத்தை அவனுக்குக் காட்டுகிறார். அந்த ஒரு கணம் சூரனுக்கு எல்லாம் விளங்குகிறது. பாலன் என்று நினைத்தேனே, இவர் பரம்பொருள் அல்லவா என்று உருகுகிறான். ஆனால் அந்த வடிவம் மறைந்ததும் பழைய சூரன் திரும்பி வந்துவிடுகிறான். மறுபடி கோபம், மறுபடி சண்டை. இதுவும் நமக்குத் தெரிந்ததுதான். முகாமில் அழுவோம், தைப்பூசத்தன்று உருகுவோம், திங்கட்கிழமை பழைய ஆள்தான். அதனால் நம் உருக்கம் பொய் என்று அர்த்தம் இல்லை. களிம்பு ஒரு தேய்ப்பில் போகாது, அவ்வளவுதான்.

கடைசியில் சூரன் கடல் நடுவில் மாமரமாக நிற்கிறான். வேல் வருகிறது. மரம் இரண்டாகப் பிளக்கிறது. எங்கள் நாடகத்தில் இந்த இடத்தில் மேளம், அரோகரா, கைதட்டல். சூரன் தரையில் விழுவான். திரை மூடிவிடுவோம்.

தம்பி கேட்ட அன்று இரவு மண்டபத்தில் படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. கதை அங்கே முடியவில்லையே! பிளந்த இரண்டு பாதியும் மயிலாகவும் சேவலாகவும் மாறிப் பெருமானை எதிர்த்துத்தான் வருகின்றன. பிளந்த பிறகும் சூரன் சண்டைக்குத்தான் வந்தான். அப்போது முருகன் இரண்டாவது முறை வேலை எடுக்கவில்லை. பார்த்தார். அருளோடு பார்த்தார். அந்தப் பார்வையில் இரண்டும் அடங்கின. மயிலைத் தனக்கு வாகனமாக்கினார், சேவலைக் கொடியில் வைத்தார். இதைத்தான் மறக்கருணை என்கிறோம். அடிப்பது போலத் தெரியும், உள்ளே இருப்பது அருள்.

அந்தப் பகுதியை எங்கள் நாடகத்திலிருந்து வெட்டியது யார்? நான்தான். 'நேரம் போதாது, மயில் இறகுக்குச் செலவாகும், சாப்பாடு வேறு ஆறிப்போகும்.' மூன்று வருஷம் ஒரு பிள்ளையைச் சூரனாக மேடை ஏற்றி, ஊரே பார்க்க விழ வைத்து, விழுந்ததற்குக் கைதட்டி, அங்கேயே திரையை மூடி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். சமய வகுப்பு நடத்தும் ஆள் நான். சூரசம்ஹாரத்தில் எனக்கு 'சம்ஹாரம்' மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

முகாமுக்குப் பிறகு தம்பி வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டான். ஒரு வாரம், இரண்டு வாரம் என்று விட்டேன். ஐந்தாவது வாரம் அவன் வீட்டுக்குப் போனேன். அப்பா லோரி ஓட்டுபவர், வீட்டில் இல்லை. அம்மா, "இப்பல்லாம் பெரிய பசங்களோடதாங்க சுத்துறான், நீங்க சொன்னா கேப்பான்" என்றார். அந்த நம்பிக்கைக்கு நான் தகுதியானவனா என்று கூச்சமாக இருந்தது. அவன் திடல் ஓரத்தில் நான்கைந்து பேரோடு நின்றுகொண்டிருந்தான். எல்லாரும் அவனைவிட மூத்தவர்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தன், "உன் கோயில் அண்ணன் வந்துட்டாருடா" என்று சிரித்தான்.

மாமாக் கடைக்குக் கூட்டிப்போனேன். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. முதலில், "நான் செஞ்சது தப்புடா, மன்னிச்சுக்க" என்றேன். மயில் பகுதியை வெட்டிய கதையைச் சொன்னேன். அவன் தே தாரேக்கைக் கலக்கிக்கொண்டே கேட்டான்.

படத்திலும் இப்படி ஓர் இடம் உண்டு. எல்லாம் கை மீறிப் போன பிறகு மெகாமைண்ட் தானாகச் சிறைக்குத் திரும்புகிறான். ஹால் ரோக்ஸேனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஊரை மிரட்டும்போது, என்னை வெளியே விடுங்கள் என்று அதிகாரியிடம் கேட்கிறான். தான் செய்தது எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்கிறான். எதிரில் நிற்பது மாறுவேடத்தில் வந்த தன் பழைய தோழன் மினியன் என்று அவனுக்கு அப்போது தெரியாது. மன்னிப்புக் கேட்ட பிறகுதான் கதவு திறக்கிறது. கதவு திறந்த பிறகும் அவனுக்குப் புது பலம் எதுவும் வரவில்லை. அதே பெரிய தலை, அதே குறும்பு மூளை. ஊரைக் கெடுக்கப் பயன்பட்ட அதே மூளைதான் ஊரைக் காக்கிறது. மெட்ரோ மேன் வேடத்தில் போகிறான், ஊர்ப் பெயரைத் தப்பாக உச்சரித்து மாட்டிக்கொள்கிறான். அடுத்தவன் வேடத்தில் நல்லவனாக முடியாது. நீல முகத்தோடு, தன் மூளையோடுதான் வெல்கிறான்.

சூரனும் அப்படித்தானே? பெருமான் அவனை அழித்துவிட்டு வேறு ஒரு நல்ல பறவையைத் தேடிப் போகவில்லை. அண்டமெல்லாம் பறந்து திரிந்த அந்த வேகத்தைத்தான் மயிலாக்கித் தன்னைச் சுமக்க வைத்தார். உலகமே நடுங்கிய அந்தக் குரலைத்தான் விடியலைச் சொல்லும் சேவலாக்கினார். இடும்பன் கதையும் இதே வகை. மலையைத் தூக்கி வந்து பெருமானோடு சண்டை போட்டு விழுந்தவன், எழுந்து காவல்காரன் ஆனான். நாம் காவடி எடுப்பதே அவன் வழியில்தான்.

அடுத்த தைப்பூசத்தில் பத்துமலையில் 272 படி ஏறும்போது முன்னால் போகும் காவடியைப் பாருங்கள். அதில் ஆடும் மயிலிறகு யாருடையது? ஒரு காலத்தில் எதிரியாக நின்றவனுடைய இறகு. அதைத் தோளில் வைத்துக்கொண்டுதான் வேண்டுதலைச் செலுத்துகிறோம். பெருமானின் கொடியை அண்ணாந்து பார்த்துக் கும்பிடும்போது நாம் கும்பிடுவது சூரனின் மறுபாதியையும் சேர்த்துத்தான். இப்படி ஒரு தெய்வத்தை வணங்கும் நாம், பதினைந்து வயசுப் பிள்ளை ஒருவனைப் பார்த்து, 'இவன் இவ்வளவுதான்' என்று எப்படிச் சொல்கிறோம்?

இரண்டு வார்த்தை சொல்லி முடிக்கிறேன்.

மூலையில் உட்கார வைக்கப்பட்ட தம்பி, தங்கைகளுக்கு: உங்களுக்கு யாரோ வைத்த பெயரை உங்கள் கையால் நீங்கள் எழுதிக்கொள்ளாதீர்கள். உங்களைக் கேலி செய்தவர்களுக்குப் பதில் சொல்வதற்காகவே வாழாதீர்கள். படத்தில் மெட்ரோ மேன் இல்லாமல் போனதும் மெகாமைண்ட் ஊரையே கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தானே, அது நினைவிருக்கட்டும். தப்பு செய்திருந்தால், போய் மன்னிப்புக் கேளுங்கள். அது தோல்வி இல்லை. கதவு அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

என்னைப் போல வகுப்பு நடத்தும் அண்ணன், அக்காமார்களுக்கு: வேல் நம் கையில் இல்லை. அது அவன் கையில். நமக்குக் கொடுத்திருப்பது பார்வை மட்டும்தான். அதையாவது ஒழுங்காகப் பார்ப்போம். ஐந்தாவது வாரம் வரை காத்திருக்க வேண்டாம்.

அந்தத் தம்பி திரும்பி வந்துவிட்டான். எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு வாரம் வருவான், ஒரு வாரம் காணோம். திடல் ஓரத்துப் பையன்களும் இன்னும் அங்கேதான் நிற்கிறார்கள். ஆனால் காணாமல் போன வாரம் இப்போது நான் போன் போடுகிறேன், அவனும் எடுக்கிறான்.

இந்த வருஷ நாடகத்துக்கு ஆள் பிரிக்கும்போது அவனிடமே கேட்டேன். "உனக்கு எந்த வேஷம் வேணும்? வீரபாகுவா? முருகனா?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "சூரனே போடுறேண்ணே. ஆனா இந்தத் தடவை கடைசி வரைக்கும் போடுறேன்."

இறகு தைக்க ஆள் வேண்டும். மயில் வரும் காட்சிக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கியிருக்கிறேன். சாப்பாடு கொஞ்சம் ஆறினால் பரவாயில்லை, யாரும் எழுந்து போய்விடாதீர்கள்.

வேலும் மயிலும் துணை.